கருமுட்டையா, கருவா: படிவத்தில் முடிவான தேர்வு

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்தபோது எனக்கு வயது 32. திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கீமோ தொடங்க மூன்று வாரம் இருந்தது. “குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கீமோ சினைப்பையைப் பதம் பார்த்துவிடும்” என்றார் புற்றுநோய் மருத்துவர். மறுநாள் காலையிலேயே சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம்.

அங்கே சொல்லப்பட்ட வழிகள் மூன்று. சினைப்பைத் திசுவையே வெட்டியெடுத்து உறையவைப்பது முதலாவது. பருவமடையாத சிறுமிகளுக்கும், முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசியைப் போட்டுக்கொள்ள நாள் இல்லாதவர்களுக்கும் அது உதவும். எனக்கு நாள் இருந்தது, கூடுதலாக ஓர் அறுவைச் சிகிச்சைக்குத்தான் தெம்பு இல்லை. மிச்சம் இரண்டு: முட்டையை அப்படியே உறையவைப்பது, அல்லது கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி உறையவைப்பது.

முட்டை எடுக்கும்வரை இரண்டுக்கும் ஒரே பாதைதான். புற்றுநோயாளி என்றால் மாதவிலக்குக்குக் காத்திருக்காமல் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். பதினோரு நாள், இரவு 9 மணிக்கு, ஃப்ரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊசிப் பேனாவை எடுத்துத் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்திக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜன் எகிறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரை. கடைசி ஊசி போட்ட ஏறத்தாழ 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சியெடுத்தார்கள். செலவைப் பொறுத்தவரை, கருவாக்கும் கட்டணத்தை இன்றைக்குக் கட்டுகிறோமா பின்னால் கட்டுகிறோமா என்பதுதான் வித்தியாசம். உறையவைத்ததைப் பாதுகாக்கும் ஆண்டு வாடகை எங்கள் மையத்தில் இரண்டுக்கும் ஒன்றே.

கருவின் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்கப் போவதில்லை. முட்டை ஒற்றைச் செல். மனித உடலின் மிகப் பெரிய செல்களில் ஒன்று. உள்ளே தண்ணீர் அதிகம் என்பதால், உறையும்போது பனித்துகள் உருவானால் செல்லைக் குலைத்துவிடும். நொடியில் கண்ணாடிபோல் இறுகவைக்கும் வைட்ரிஃபிகேஷன் முறை வந்து நிலைத்த பிறகுதான், 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் முட்டை உறைவிப்பின்மேல் இருந்த ‘சோதனை முறை’ என்ற முத்திரையை நீக்கியது. ஐந்தாம் நாள் கருவிலோ நூறு செல்கள்போல இருக்கும். நாலைந்து போனாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருப்பது என்ன என்று இன்றைக்கே தெரிந்துவிடும். முட்டை என்றால் எண்ணிக்கை மட்டும்தான். எனக்கு எடுத்தது 14, அதில் முதிர்ந்தவை 11. எத்தனை கருவாகும் என்பது உருக்கும் நாளில் தெரியும்.

மருத்துவரும் கருவைத்தான் பரிந்துரைத்தார். “கருவாகவே வைத்துவிடலாமே, பாதி வேலை முடிந்துவிடும்” என்று என் கணவரும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன்.

முட்டை எடுப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். கருவுக்கான படிவத்தில் கையெழுத்துக் கோடு இரண்டு. இருவரில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கருவை என்ன செய்வது என்று எழுதித் தரவேண்டும். உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், 2021 அப்படித்தான் கேட்கிறது. கருப்பைக்குள் வைக்கும்வரை கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது, கீமோ முடிந்து, ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை விழுங்கி, நான் தயாராகும் நாளில் இரண்டு பேரும் ‘சரி’ என்றால்தான் அந்தக் கரு எனக்கு.

இது வீண் பயம் இல்லை. பிரிட்டனில் நட்டாலி எவன்ஸ் என்ற பெண்ணுக்குச் சினைப்பைகளை அகற்றவேண்டி வந்தபோது, 2001-இல் துணைவரோடு சேர்ந்து ஆறு கருக்களை உறையவைத்தார். முட்டையாக வைக்க முடியுமா என்று அவர் கேட்டும் இருந்தார். அந்த மையத்தில் அப்போது அந்த வசதி இல்லை. மறு ஆண்டு உறவு முறிந்தது, துணைவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் எவன்ஸ் தோற்றார். அவர் முட்டையிலிருந்து குழந்தை பெற வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

அன்று இரவு இதைப் படித்துக் காட்டியபோது கணவர் வெகுநேரம் பேசவில்லை. “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்றார். “இப்போது இருக்கும் உங்கள்மேல் இருக்கிறது. எட்டு வருடம் கழித்து நாம் இரண்டு பேரும் எப்படி இருப்போம் என்று யாருக்குத் தெரியும்?” என்றேன். இரண்டு நாள் வீட்டில் தேவையான பேச்சு மட்டும்தான். மூன்றாம் நாள் காலை, முட்டைக்கான படிவத்தை அவரே எடுத்துப் பையில் வைத்தார்.

முட்டைக்குக் கையெழுத்து ஒன்றுதான். நாளை நான் தனியாக நின்றாலும், என் வயது 21-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும்வரை, சட்டப்படி தானம் பெற்ற விந்தணுவைக் கொண்டு அதைப் பயன்படுத்தலாம். இன்னொன்றும் உண்டு: கரு இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே வைத்துவிடுவார்கள். முட்டையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

பாதி முட்டை, பாதி கரு என்றும் செய்யலாம். இருபது கிடைத்திருந்தால் நானும் அதற்கே ஒத்துக்கொண்டிருப்பேன். 11-ஐப் பிரித்தால் இரண்டு பக்கமும் சொற்பம். வயது 38-ஐத் தாண்டி, புற்றுநோய் அவசரமும் இல்லாதவர்களுக்குக் கருவே பொருந்தலாம். போதவில்லை என்று தெரிந்தால் உடனே இன்னொரு சுற்றுப் போகலாம் அல்லவா? நான் இன்னும் என் முட்டைகளை உருக்கிப் பார்க்கவில்லை. 11-இல் ஒன்றும் தேறாமல் போனால், மருத்துவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று எழுதப்போவதும் நான்தான்.

எதைத் தேர்ந்தாலும், எத்தனை உறையவைத்திருக்கிறீர்கள் என்று மையத்தில் கேட்காதீர்கள்; எத்தனை உருக்கியிருக்கிறீர்கள், எத்தனை பிழைத்தன என்று கேளுங்கள். இரவில் இவற்றை உறைநிலையில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியின் அலாரம் அடித்தால் யார் வருவார் என்றும் கேளுங்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தொட்டி பழுதாகி ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கெல்லாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் புதுப்பிப்புப் படிவம் வருகிறது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். மையத்துக்குப் போய்ப் பணம் கட்டி ரசீது வாங்கி வருவது அவர்தான்.