மோரா முகாம், ரியால்டோ கடற்கரை: விடியலில் எழுகிறவர்களுக்கு

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் உள்ள மோரா முகாமில் 94 கூடார இடங்கள் இருக்கின்றன. முகாம் காட்டுக்குள் இருக்கிறது; ரியால்டோ கடற்கரைக்குக் காரில் ஐந்து நிமிடம். குடிநீர், கழிப்பறை, அடுப்புக்குழி உண்டு. குளியலறையும் மின் இணைப்பும் கிடையாது. வசதி என்று பார்த்தால் சுமார்தான். ஆனாலும் கடல் வடிந்த பாறைகளில் ஒட்டியிருக்கும் உயிர்களைப் பார்க்க வருகிறவர் இரவு தங்கினால்தான் வந்த காரியம் நடக்கும். கோடையில் இந்தக் கரையில் கடல் நன்றாக உள்வாங்குவது காலையில்தான். அன்றே சியாட்டிலில் கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டி வருகிறவருக்குப் பெரும்பாலும் மூழ்கிய பாறைதான் மிச்சம்.

அதனால் விடுமுறை நாளைப் பார்ப்பதற்கு முன் அருகிலுள்ள லா புஷ் கடல்மட்ட நிலையத்தின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரக்கணக்கைப் பாருங்கள். மைனஸ் ஒரு அடி, இரண்டு அடி என்று, அதாவது வழக்கமான தாழ்மட்டத்துக்கும் கீழே கடல் இறங்குவதாகக் காட்டும் நாட்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அட்டவணையை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். இங்கே செல்பேசி சிக்னலை நம்ப முடியாது.

போக வேண்டிய இடம் ‘ஹோல் இன் த வால்’ என்ற துளைப்பாறை. கார் நிறுத்தத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் கூழாங்கல்லில் கால் புதைவதால் ஒரு மணி நேரம் பிடிக்கும். வழியில் எலன் ஓடை. நாய்களுக்கு அதுவரைதான் அனுமதி. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பது அழுக்கல்ல, காட்டு இலைச்சாறு. கடல் மிகத் தாழும் நேரம் 7:00 என்றால் 5:15-க்கு நடக்கத் தொடங்குங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். தாமதித்தால் துளைவழி அடைபடும். பிறகு சிவப்பு, கறுப்பு வட்டப் பலகை காட்டும் மேட்டுப்பாதையில் ஏறி இறங்க வேண்டும்.

பாறையில் ஊதா, ஆரஞ்சு நட்சத்திரமீன்களும் மட்டிகளும் பாறையோடு ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகளும் அடர்ந்திருக்கும். பூப்போல விரியும் விலங்கான பச்சைக் கடல் சாமந்திக்கு அந்த நிறம் வருவதில் உடலுக்குள் வாழும் பாசிக்கும் பங்குண்டு. இருண்ட இடுக்கில் இருப்பவை வெளுத்திருக்கும். நீர் வடிந்ததும் இவை சுருங்கி மணல் ஒட்டிய கட்டி போலாகிவிடும், தெரியாமல் மிதிப்பது இவற்றைத்தான். வெறும் பாறையிலோ மணலிலோ மட்டும் கால் வையுங்கள். நட்சத்திரமீனைப் பிய்த்தெடுத்தால் பாறையைப் பற்றியிருக்கும் அதன் குழாய்க்கால்கள் அறுந்துபோகும். 2013-இல் தொடங்கிய உருக்குலைவு நோயில் சூரியகாந்தி நட்சத்திரமீன் இந்தக் கரையோரங்களில் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல்தான் தெரிந்தது.

நிமிர்ந்தும் பாருங்கள். வெண்தலைக் கழுகு நிச்சயம் போலத்தான். கடல் நீர்நாய்க்கு பைனாகுலரும் பொறுமையும் வேண்டும். இங்கே அடியோடு அழிந்துபோன அவற்றை 1969, 1970-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

இரவில் சாப்பாட்டைக் காருக்குள் பூட்டுங்கள். எலன் ஓடைக்கு வடக்கே மணலிலேயே கூடாரம் போட அனுமதிச்சீட்டும் விலங்குகள் திறக்க முடியாத ‘பேர் கேனிஸ்டர்’ உணவுப் பெட்டியும் கட்டாயம். பெயர்தான் கரடிக்கு, கடற்கரையில் அது தடுப்பது ரக்கூன்களை.