டபிள்யூ3சி வலிடேற்றர்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கடைகளுக்கும் நெல் ஆலைகளுக்கும் இணையப்பக்கம் செய்து கொடுக்கிறேன். "தம்பி, கொம்பியூட்டரில வடிவாக் கிடக்கு, போனில குழம்பிப்போச்சு" என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் திறப்பது டபிள்யூ3சியின் வலிடேற்றரைத்தான். இணையத்தின் தரவிதிகளை வகுக்கும் அமைப்பு டபிள்யூ3சி; பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீடு அந்த விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துப் பிழை சொல்லும் கருவி இது. பல வருடப் பழக்கம். இலவசம், பக்கம் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும் என்றும் இல்லை, கோப்பைக் கொடுத்தாலே சோதித்துத் தரும்.

உலாவியின் குறை என்று நாங்கள் திட்டுவதில் பெரும்பங்கு குறியீட்டின் குறைதான். ஓர் ஆலையின் விலைப்பக்கத்தைச் சொல்கிறேன். நாடு, சம்பா, கீரிச்சம்பா விலைகள் இருந்த அட்டவணை மட்டும் சின்ன எழுத்தில் நின்றது. பக்கம் முழுவதுக்கும் எழுத்தளவைக் கூட்டினாலும் அது அசையவில்லை. வலிடேற்றர் காட்டிய முதல் பிழை, டொக்டைப் இல்லை என்பது. இது எச்டிஎம்எல் பக்கம் என்று உலாவிக்கு அறிவிக்கும் முதல் வரிதான் டொக்டைப். அந்த வரி இல்லாவிட்டால் உலாவி, 1990களின் பக்கங்களுக்காக வைத்திருக்கும் குவேர்க்ஸ் முறைக்குப் போய்விடும். அந்த முறையில் பக்கத்துக்குக் கொடுத்த எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது. டொக்டைப் எச்டிஎம்எல் என்று கோப்பின் தலையில் சேர்த்ததும் சரிவந்தது.

பிழைப்பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். மூடாமல் விட்ட ஒரு டிவ் (பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி), கீழே வரிசையாகப் பிழைகளைக் கிளப்பியிருக்கும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பக்கங்களை அதிகம் வதைக்கும் இரண்டு விசயங்கள் இதன் கண்ணில் படாது. ஒன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு; ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டுவது. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம் பிழையே இல்லாமல் தேறிவிடும். எழுத்துரு இல்லாத போனிலோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றியபின் யூடிஎஃப்-8 என்ற சார்செட் வரியை, அதாவது எழுத்துகளை எந்தக் குறிமுறையில் வாசிப்பது என்று உலாவிக்குச் சொல்லும் வரியை, தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வரவேண்டும்.

மற்றது பழைய போன். வயலில் நின்று விலை பார்ப்பவரிடம் புதுப் போனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அன்ட்ரொயிட் 6க்குக் குரோம் 106உடன் புதுப்பிப்பு நின்றுவிட்டது. திரையின் உயரத்தை வைத்துப் பக்கத்தின் பகுதிகளுக்கு உயரம் கொடுக்கப் பழைய அலகு விஎச். முகவரிப்பட்டை மறைந்து தோன்றுவதற்கேற்ப மாறும் புது அலகு டிவிஎச்சோ குரோம் 108இல்தான் வந்தது. எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்பதை, அதைப் பட்டியலிடும் கேன்ஐயூஸ் தளத்தில் பார்த்துக்கொள்வேன். 100 விஎச் என்று ஒரு வரி, அதன் கீழே 100 டிவிஎச் என்று இன்னொரு வரி எழுதினால் போதும். பழைய குரோம் தனக்கு விளங்காத இரண்டாவதை விட்டு முதலாவதை எடுத்துக்கொள்ளும்.