பொங்கல் செலவுக்குச் சீட்டா, ஆர்.டி.யா, அடகா?

காவிரிப் படுகையில் பொங்கல் வருகிற நேரம்தான் கையில் காசு வற்றுகிற நேரம். குறுவை நெல்லுப் பணம் தீபாவளிக்கும் சம்பா உரத்துக்கும் களையெடுப்புக்குமாகக் கரைந்துவிடும். சம்பாவோ தை பிறக்கும்போது பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். முந்தி அறுத்தாலும், தளர்வு அறிவிக்காத வரை 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். பனியில் நெல் காய்ந்து, பணம் கணக்கில் ஏறுவதற்குள் பொங்கல் முடிந்திருக்கும். இதற்கு நடுவில்தான் பெண்ணுக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும்: வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், வேட்டி, புடவை.

ஊர்ப்பக்கம் அதிகம் பேர் நம்புவது பொங்கல் சீட்டை. தெரிந்த கடைக்காரரோ தெருவில் ஒரு அக்காவோ பிடிப்பார்கள். பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டை, மாதாமாதம் ஒரு கையெழுத்து, மார்கழியில் பாத்திரமோ மளிகையோ வந்துவிடும். வீடு தேடி வந்து வாங்கிக்கொள்வதால் பணம் தானாகச் சேர்கிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுகள் வேறு, இவை வேறு. பிடித்தவர் ஊரை விட்டுப் போனால் மிஞ்சுவது அட்டைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். வெண்கலமும் பித்தளையும் எடைக்கு விற்கிற பொருள். 'பெரிய பானை ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் மார்கழியில் மெல்லிசான பானை கைக்கு வரும். எத்தனை கிலோ என்று அட்டையிலேயே எழுதி வாங்க வேண்டும்.

வங்கி ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற சேமிப்பில், வட்டிக்காக ஆசைப்பட ஒன்றுமில்லை. மாதம் 500 ரூபாய் கட்டினால், ஆறரை சதவீதத்தில் வருடக் கடைசியில் 6,000 ரூபாயோடு ஏறக்குறைய 210 ரூபாய் சேரும். ஆனால் முழுப் பணமும் ரொக்கமாகக் கையில் இருக்கும். கடைக்குக் கடை விலை கேட்டு, பானையைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். அஞ்சலக ஆர்.டி. இதற்குச் சரிப்படாது, அது 5 வருடத்துக்கு, 3 வருடத்துக்குள் மூடவும் முடியாது.

அடகு கணக்கில் மலிவாகத்தான் தெரியும். வங்கியில் 9 சதவீதத்துக்கு 6,000 ரூபாய் வாங்கி மூன்று மாதத்தில் திருப்பினால் வட்டி 135 ரூபாய். அதையே ரெண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய்) அடகுக் கடையில் வாங்கினால் 360. ஆபத்து வட்டியில் இல்லை, அந்த மூன்று மாதத்தில் இருக்கிறது. நெல்லுப் பணம் வந்ததும் அறுவடை மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி, பள்ளிக்கூடக் கட்டணம் என்று வரிசை கட்டி நிற்கும். அடகு வைத்த தோடு மீளாமல் அங்கேயே இருந்துவிடும். பயிர்ச் செலவுக்கு நகையை வைப்பதில் தப்பில்லை, அதற்கு ஒரு விளைச்சல் உண்டு. சீருக்கு வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

வாரத் தவணைக் குழுக் கடனைப் பண்டிகைக்குத் தொடவே வேண்டாம். ரேஷன் பொங்கல் பணத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024-இல் 1,000 ரூபாய் கொடுத்தார்கள், 2025-இல் ரொக்கமே இல்லை.

மாதச் சம்பளமோ தினக்கூலியோ வருகிற வீட்டுக்கு ஆர்.டி.தான் என் முதல் தேர்வு. பாத்திரம் மட்டும் வேண்டும், பிடிப்பவரைப் பல வருடமாகத் தெரியும் என்றால் சிறிய தொகைக்குச் சீட்டு போடலாம். விவசாய வீட்டில் மாதாமாதம் கட்டுவது கஷ்டம். குறுவைப் பணம் ஏறிய அன்றே, தீபாவளி ஜவுளிக்கு முன்னால், சீருக்கான தொகையைப் பொங்கலுக்கு முன்பே முதிர்கிற டெபாசிட்டாகப் போட்டுவிடுவது நல்லது.

பணம் குறைகிற வருடத்தில் துணியைக் குறைக்கலாம், பானையைக் குறைக்க வேண்டாம். அது உங்கள் பெண்ணின் பேத்தி வரைக்கும் பொங்கும். மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குச் செய்யும் காய்கனி அலங்காரத்தையும், பொங்கலையொட்டி வருகிற திருவையாறு தியாகராஜர் ஆராதனையையும் பார்க்க பஸ் காசு போதும்.

ஆர்.டி.யைத் தை பிறந்த பிறகு தொடங்கினால் அடுத்த பொங்கல் கழிந்துதான் முதிரும். மார்கழி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.