நீல முட்டைக்கு எந்தக் கோழிக்குஞ்சை வாங்கலாம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் குஞ்சு பொரிப்பகங்கள் நீல முட்டை இடும் என்று சொல்லி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் அரௌகானா, அமெரௌகானா, கிரீம் லெக்பார், ஈஸ்டர் எக்கர் என்னும் நான்கு பெயர்களில் வருகின்றன. வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுக் கோழிகளை வைத்துக்கொண்டு, அவற்றின் முட்டைகளையே அடைவைத்து அடுத்த தலைமுறையையும் எடுக்க விரும்புகிறவர் இவற்றுள் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே முக்கியமாகப் பார்க்கிறேன். முட்டை மட்டும் போதும் என்பவருக்கான விடை வேறு.

முதலில் நிறத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது; ஏனென்றால் கோழியின் தரத்தை அதைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கிறது. நீலத்தைத் தருவது பிலிவெர்டின் என்னும் நிறமி. ஓடு உருவாகும்போதே அது சேர்ந்துவிடுவதால் ஓட்டின் முழுத் தடிப்பிலும் நிறம் ஊறியிருக்கும். பழுப்பு நிறமோ ஓடு பெரும்பாலும் உருவாகி முடிந்த பிறகு மேற்புறத்தில் ஏறுவது. உடைத்த ஓட்டின் உட்பக்கத்துச் சவ்வை நகத்தால் கிள்ளி உரித்துவிட்டு சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நீல முட்டை உள்ளேயும் வெளிர்நீலமாக இருக்கும், பழுப்பு முட்டை உள்ளே வெண்மையாக இருக்கும். பச்சை முட்டையை இப்படி உரித்தால் உள்ளே நீலமே தெரியும். நீல ஓட்டின் மேல் பழுப்பு படிந்ததுதான் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. வளர்ப்பவரிடம் நேரில் போய் வாங்குகிறவர்கள், தாய்க்கோழியின் முட்டை ஓடு ஒன்றைக் கேட்டு வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பிறகு விலை பேசலாம்.

இந்த நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2013இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். பழங்கால வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் மரபுத்தொகுதியில் செருகிக்கொண்டு, அருகிலிருந்த மரபணு ஒன்றை ஓடு உருவாகும் இடத்தில் இயங்க வைத்திருக்கிறது. தென் அமெரிக்கக் கோழிகளிலும் சீனாவின் டோங்சியாங், லூஷி கோழிகளிலும் இது தனித்தனியாக நிகழ்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. வளர்ப்பவருக்கு வேண்டியது இதன் நடைமுறை விளைவு: இது ஓங்கு பண்பு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே முட்டை நீலமாகும். இருவரிடமிருந்தும் வந்தால் நீலம் பொதுவாகச் சற்று அழுத்தமாக இருக்கும்.

அரௌகானா சிலி நாட்டுக் கோழிகளின் வழிவந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த சல்வதோர் காஸ்தெல்லோ 1921இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் அக்கோழிகளைப் பற்றி எடுத்துரைத்த பிறகே வெளியுலகம் அவற்றைக் கவனித்தது. அமெரிக்கத் தரவிதிப்படி அரௌகானாவுக்கு வால் இருக்கக் கூடாது, காதருகே இறகுக் குஞ்சம் இருக்க வேண்டும். அந்தக் குஞ்சத்தைத் தரும் மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே குஞ்சமுள்ள சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் கருக்கூடிய முட்டைகளில் கால் பங்கு முன்கூட்டியே போய்விட்டதாகக் கொள்ள வேண்டும். வாலின்மையும் கருக்கூடும் வாய்ப்பைக் குறைக்கிறது. முட்டையின் நீலம் மிக அழகானது, ஐயமில்லை. ஆனாலும் கொல்லையில் முதன்முதலாகக் கோழி வளர்ப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1984இல் அமெரிக்கக் கோழியினத் தரப்பட்டியலில் ஏற்கப்பட்ட அமெரௌகானாவுக்கு அந்தத் துன்பம் இல்லை. அதற்கு வாலும் உண்டு, தாடியும் உண்டு, குளிரைத் தாங்கும் சிறிய பட்டாணிக் கொண்டையும் உண்டு. தொல்லை பெயரில்தான் இருக்கிறது. கலப்பினக் குஞ்சுகளை ஏறக்குறைய இதே ஒலியுள்ள ‘அமெரிக்கானா’ என்ற பெயரில் விற்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. இது வாங்குபவரை ஏமாற்றும் செயல் என்றே நான் கருதுகிறேன். கால்களைப் பாருங்கள்: தூய அமெரௌகானாவின் கால் சிலேட்டுப் பலகை நிறத்தில் இருக்க வேண்டும், பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் அது கலப்பு. தூய இனம் பெரும்பாலும் தனி வளர்ப்பாளர்களிடமே கிடைக்கும். விலையும் கூடுதல், காத்திருக்கவும் வேண்டும்.

என் தேர்வு கிரீம் லெக்பார். 1930களில் கேம்பிரிட்ஜில் பன்னெட், பீஸ் என்னும் இரு மரபியலாளர்கள் மேற்கொண்ட இனப்பெருக்கப் பணியிலிருந்து வந்த கோழி இது. பொரித்த அன்றே சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. பெட்டைக் குஞ்சின் முதுகில் அணில் போலக் கோடுகள் தெளிவாக ஓடும். சேவல் குஞ்சு வெளிறி, கோடுகள் மங்கி, தலையில் வெளிர்ப்பொட்டுடன் இருக்கும். சேவல் வளர்க்கத் தடையுள்ள நகரங்களில் இந்த ஒரு பண்புக்காகவே இதை வாங்கலாம். தலையில் சிறு இறகுக்கொத்து, சுறுசுறுப்பு, தானே மேய்ந்து தின்னும் பழக்கம் எல்லாம் உண்டு. குறை என்றால் அதன் பெரிய ஒற்றைக் கொண்டை. கடுங்குளிர்ப் பகுதிகளில், குறிப்பாகச் சேவலுக்கு, அது உறைந்து கருகும்.

ஈஸ்டர் எக்கர் ஓர் இனமன்று, கலப்பு. விலை குறைவு, முட்டை நிறைய, உடல் உறுதி. கூடையில் நீலமும் பச்சையும் கலந்து கிடந்தால் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல பேரமில்லை. இனம் பெருக்குவதற்கு மட்டும் இது உதவாது. நீல மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்த பறவைகள் இதில் ஏராளம். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் பெட்டைகளில் நான்கில் ஒன்றுக்கு நீலம் வராது.

இனப்பெருக்கத்தில் பலர் கோட்டைவிடுவது சேவலிடம்தான். சேவல் முட்டையிடுவதில்லை; அது எதைச் சுமக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது. அரௌகானா வழிவந்த கோழிகளில் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் நீலத்துக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருங்கி அமைந்திருப்பதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும். எனவே கலப்புக் குஞ்சுகளில் பட்டாணிக் கொண்டையுள்ளதை நிறுத்திக்கொள்வது பழைய, பயனுள்ள வழி. கிரீம் லெக்பாரில் அந்த இணைப்பு அறுந்துவிட்டதால் அங்கே கொண்டையை நம்ப முடியாது. உறுதி வேண்டுமென்றால் சேவலை, வெள்ளை முட்டையிடும் இனமான வெள்ளை லெகார்ன் பெட்டைகளோடு விட்டு, பிறக்கும் பெட்டைகள் முட்டையிடும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒன்று வெள்ளை முட்டை இட்டாலும், சேவலுக்கு நீல மரபணு இரு பக்கத்திலிருந்தும் வரவில்லை என்று பொருள். ஆறு பெட்டைகள் பிறந்து ஆறும் நீலமே இட்டால், நீல மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்த சேவலிடம் தற்செயலாக அப்படி நேரும் வாய்ப்பு 64இல் ஒன்றுதான். இதற்கு ஐந்தாறு மாதத் தீவனம் செலவாகும்; மரபணுச் சோதனை அதைவிட விரைவானது, பெரும்பாலும் மலிவானதும்கூட.

பழுப்பு முட்டையிடும் கோழியைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள். பழுப்பைத் தருவது ஒரே மரபணு அன்று, பல. ஒருமுறை கலந்தால் பச்சைச் சாயலை நீக்கப் பல தலைமுறைகள் ஆகும். முட்டை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமானால் வெள்ளை லெகார்னோடு சேர்ப்பதே நல்லது. அடைவைக்க முட்டை பொறுக்கும்போது பருவத் தொடக்கத்து முட்டைகளைக் கொண்டு ஒப்பிடுங்கள். தொடர்ந்து இடும்போது எந்தக் கோழிக்கும் நிறம் வெளிறும் என்பதால், பருவக் கடைசி முட்டையை வைத்து நல்ல கோழியைக் கழித்துவிடக் கூடாது. நீல முட்டையில் கொலஸ்ட்ரால் குறைவு என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆய்வுகளில் அது நிற்கவில்லை.