எந்த மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம்: கீக்ரான் வி1 மேக்ஸா, ஆர்கே84ஆ?

இரண்டும் 75 சதவீத அளவு (வலப்பக்க எண் விசைகள் இல்லாத சின்ன கீபோர்டு), புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் (யுஎஸ்பி ரிசீவர் வழி வயர்லெஸ்), கேபிள் மூன்றிலும் இயங்கும். விலை ஆர்கே84-க்குத்தான் குறைவு. ஆனால் ஹாட்ஸ்வாப் (விசைக்கு அடியில் உள்ள ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றும் வசதி) உள்ள வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்விட்ச் மாற்ற சால்டரிங் அயர்னைத் தூக்க வேண்டும்.

பெரிய வித்தியாசம் மென்பொருளில். வி1 மேக்ஸில் கியூஎம்கே என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இருக்கிறது. கேபிளைச் செருகி, பிரவுசரில் வியா (VIA) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, விசைகள், லேயர் (அதே விசைகளுக்கு இன்னொரு அடுக்கு வேலைகள்), மேக்ரோ (ஒரே விசையில் பல அழுத்தங்கள்) என்று இஷ்டம்போல் மாற்றலாம். மாற்றம் கீபோர்டிலேயே பதிவாவதால் எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே வரும். ஆர்கேவின் சொந்த மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டும், லினக்ஸ்காரர்களுக்குத் தலைவலி.

சத்தம்? உள் தட்டை மெத்தென்ற பட்டைகள் தாங்கும் கேஸ்கெட் அமைப்பால் வி1 மேக்ஸ் மென்மை.

கீகேப் (விசையின் மேல்மூடி), ஸ்விட்ச் மட்டும் மாற்றி விளையாட ஆர்கே84 தாராளம். கேப்ஸ் லாக்கையே கன்ட்ரோலாக்கும் ரகமா? அப்போ வி1 மேக்ஸ்தான்.