மழைக்கு எகிப்து, வெயிலுக்கு டைனோசர்: செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோஸ்

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பு, பராமரிப்புக்காக எந்த ரைடு எந்த நாளில் மூடப்பட்டிருக்கும் என்று அதன் இணையதளத்தில் வெளியிடப்படும் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர்தான். உலகில் உள்ள யுனிவர்சல் பூங்காக்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. பெரியவர்கள் பயணம் செய்து வந்து ஏற விரும்பும் ரைடுகளை ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலாகவே எண்ணிவிடலாம் என்பதால், அவற்றில் ஒன்று மூடியிருந்தாலும் அந்த நாளின் கணிசமான பங்கு போய்விடுகிறது. ஆனால் சீட்டின் விலை அதற்கேற்பக் குறைவதில்லை. பெரியவருக்கு 80 வெள்ளியை ஒட்டிய கட்டணம் (சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள், அந்தச் சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டது), நால்வர் கொண்ட குடும்பத்துக்கு எவ்வளவாகும் என்று ரூபாயில் பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை புரியும்.

ஒரு ரைடு மூடப்படுவது இங்கே எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு, அறிவியல் புனைவுப் பகுதியில் வானை நோக்கி எழுந்து நிற்கும் இரட்டை ரோலர் கோஸ்டரைக் காட்டிலும் நல்ல சான்று கிடையாது. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற தொலைக்காட்சித் தொடரின் கதையை ஒட்டி, மனிதருக்கும் சைலன் என்னும் இயந்திர இனத்துக்கும் நடக்கும் போராக அமைக்கப்பட்டது இது. சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து செல்லும் மனிதர் வண்டியும், நீலத் தடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்கத் தலைகீழாகச் சுழன்று செல்லும் சைலன் வண்டியும் ஒன்றையொன்று உரசிவிடுவதுபோல நெருங்கி விலகும் வகையில், நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் கட்டியிருக்கிறது. உயரம் 42.5 மீட்டர், அதாவது பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்.

பூங்கா 2010 மார்ச்சில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோதே இந்த இரட்டையும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரே வாரத்தில், இருக்கை ஒன்றில் ஏற்பட்ட பழுதின் காரணமாக நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 2011 பிப்ரவரியில். 2013 ஜூலையில் மறுபடியும் மூடப்பட்டு, 2015 மே மாதம்தான் திறக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால், தொடங்கிய நாளிலிருந்து அந்த 2015 திறப்பு வரையிலான ஐந்து ஆண்டுச் சொச்சத்தில் பாதிக்கும் மேற்பட்ட காலம் பூங்காவின் முகமாக விளங்க வேண்டிய ரைடு அசையாமல் நின்றிருக்கிறது. விளம்பரப் படங்களில் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கியவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு திரும்பியிருப்பார்கள்.

இதைக் குறையாகச் சொல்வதா, நிறையாகச் சொல்வதா என்று நான் சற்று யோசித்ததுண்டு. பழுது தெரிந்தபின் பதினொரு மாதம் நிறுத்திவைப்பதும், பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டு மூடிவைத்து, ஒரு வரிசையில் நால்வர் அமர்ந்த பழைய பெட்டிகளை அகற்றிவிட்டு இருவர் மட்டும் அமரும் புதிய பெட்டிகளைப் பூட்டுவதும் எந்த நிறுவனமும் விளையாட்டாகச் செய்கிற காரியமல்ல. மாற்றத்தால் பயணிக்குக் கிடைத்த ஆதாயம் ஒன்றும் உண்டு. நால்வர் வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இருபுறமும் தோள்களே தெரியும். இப்போது எல்லாருமே ஓர இருக்கைக்காரர்கள், ஆகவே நீலத் தடத்தில் கால்களுக்குக் கீழும் பக்கவாட்டிலும் வெட்டவெளி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நீலத்தையே பரிந்துரைப்பேன். சிவப்பு வேகமானது, ஆனால் தலைகீழாகப் புரட்டுவதில்லை. எதிர்த் தடத்து வண்டியும் அதே நேரத்தில் புறப்பட்டால்தான் அதன் சுவை முழுமையாகக் கூடும்.

ஏறுவதற்கு அஞ்சுபவர்களுக்காக, இந்த வகை வண்டிகளின் அமைப்பைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேற்புறத்தில் மட்டும் உருள்வதில்லை. பக்கவாட்டில் அணைத்துக்கொள்ள ஒரு தொகுதியும், மறுபுறத்திலிருந்து பற்றிக்கொள்ள இன்னொரு தொகுதியும் உள்ளதால், வண்டி தடத்தை விட்டுக் கழன்றுபோக இடமில்லை. அடுத்தது, தடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னே சென்ற வண்டி ஒரு பகுதியை விட்டு முற்றிலும் நீங்கியது உறுதியாகும் வரை, பின்னால் வரும் வண்டியை அதற்குள் நுழையவிடாமல் கணினி பிரேக்கைப் பிடித்துவிடும். ரயில்வேயில் சிக்னல் விழாமல் வண்டி நிலையத்துக்கு வெளியே நிற்பதைப் போன்றதுதான் இது. ஆகவே ஒரு கோஸ்டர் நடுவழியில் நின்ற காணொளி கைபேசியில் வலம்வரும்போது, பாதுகாப்பு தவறிவிட்டது என்று பதறுவதைவிட, பல நேரங்களில் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். சிங்கப்பூரில் 2011-இல் கேளிக்கை ரைடுகளுக்கென்றே தனியாகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, இயக்க அனுமதி வழங்கும் பொறுப்பு கட்டட, கட்டுமான ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

உயர அளவில் பணியாளர்கள் காட்டும் கண்டிப்பு என்னைக் கவர்ந்தது. இரட்டைக் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர், எகிப்துப் பகுதியின் மம்மி ரைடுக்கு 122, டைனோசர் பகுதியின் ஆற்றுப் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 எனக் குறைந்தபட்ச உயரம் வகுத்திருக்கிறார்கள். எங்களுடன் வந்த சிறுவன் 122-க்கு ஒரு விரல்கடை குறைவு. குதிகாலை மெல்ல உயர்த்திப் பார்த்தான். அளவுகோலருகே நின்ற பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிக் காலணியைக் கழற்றச் சொன்னார், கழற்றியதும் குறை இரண்டு விரல்கடையாகிவிட்டது. தோளையும் மடியையும் அழுத்தும் தடுப்புகள் குறிப்பிட்ட உடலளவுக்குப் பொருந்துமாறு செய்யப்பட்டவை. அளவு குறைந்தால் உடல் நழுவ இடம் கிடைத்துவிடும் என்பதால் இதில் தயவுதாட்சண்யம் பார்க்காமலிருப்பதே சரி. பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்துவரும் பெற்றோர், வீட்டுச் சுவரில் அளந்துவிட்டு வருவது கண்ணீரைக் குறைக்கும்.

பராமரிப்பு மூடலை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். மின்னலை அவ்வாறு அறிய முடியாது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடப்பட்டு, தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் விமானம் ஏறும் காலமும் இந்த ஏப்ரல், மேதான். மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். இரட்டைக் கோஸ்டர், மரக்கிளை உயரத்தில் தொங்கிச் செல்லும் கேனப்பி ஃபிளையர், ஆற்றுப் படகு ஆகிய மூன்றும் ஒன்றாக நின்றுபோனால், நீண்ட வரிசையைத் தவிர்க்கக் கூடுதலாகப் பணம் கட்டி வாங்கிய எக்ஸ்பிரஸ் பாஸும் கைக்குட்டைக்குச் சமம்தான். எனவே கதவு திறந்ததும் ஹாலிவுட் தெருவில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் வெளிப்புற ரைடுகளுக்கு விரைந்துவிட்டு, கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்குவது அறிவுடைமை. காலியாகும் ஒற்றை இருக்கைகளில் தனியாளாக ஏறுவோருக்கான ஒற்றையாளர் வரிசை திறந்திருந்தால், சேர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அது பாஸ் செலவை மிச்சப்படுத்தும்.

மழைக்கு ஒதுங்க மிகச் சிறந்த இடம் எகிப்து. 1930-களில் அகழாய்வாளர்கள் கல்லறைகளைத் தேடி அலைந்த எகிப்தாக இந்தப் பகுதியை வகுத்திருக்கிறார்கள். நரித்தலை அனுபிஸ் சிலைகள் வரிசைகட்டி நிற்கும் வாயிலைக் கடந்து கல்லறைக்குள் நுழைந்தால், வரிசையில் நிற்கும் நேரமே கதையின் முதல் அத்தியாயமாகிவிடுகிறது. சித்திர எழுத்துகள், மங்கிய விளக்கு, குறுகிக்கொண்டே போகும் வழி என்று ஒவ்வொன்றும் சேர்ந்து, ரைடு தொடங்கும் முன்பே உள்ளங்கையை வியர்க்கவைத்துவிடும். வண்டி முதலில் மெதுவாக ஊர்ந்து கதை சொல்கிறது, ஓரிடத்தில் பின்னோக்கிச் செல்கிறது, பிறகு இருட்டுக்குள் எறிந்தாற்போல் பாய்கிறது. சங்கிலி இழுத்து மேலேற்றும் ‘கடகட’ ஓசை இல்லாமல் மின்காந்த விசையால் உந்தப்படுவதால், அடுத்த கணம் என்ன நேரும் என்று உடலுக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. தலைகீழாகப் புரட்டாத, உயரமும் அதிகமில்லாத இந்த ரைடு, வெளியே நிற்கும் 42.5 மீட்டர் இரும்பைவிட அதிகமாக அலறவைப்பது அரங்கமைப்பின் வெற்றியே.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வேறு வகை. தடத்தில் நகரும் வண்டி, முப்பரிமாணத் திரைகளுக்கு முன்னால் ஆடி அசைந்து, நூறடி விழுந்துவிட்டோம் என்று நம்பவைக்கும். 2011 டிசம்பரில் இங்கே திறக்கப்பட்ட பிறகுதான் அமெரிக்காவில் ஹாலிவுட்டிலும் ஆர்லாண்டோவிலும் உள்ள யுனிவர்சல் பூங்காக்களுக்குப் போனது. கண்ணாடி அணிந்து திரையைப் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் தவிர்ப்பது நலம்.

டைனோசர் பகுதியின் படகு, பிற யுனிவர்சல் பூங்காக்களில் உள்ளதைப் போல வரிசையாக அமர்ந்து சறுக்கி இறங்குவதன்று. வட்டப் படகில் ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்து, நீரோட்டம் சுழற்றிய திசையில் சுழன்று செல்ல வேண்டும். யாருக்கு முதுகு நனையும் என்று யாராலும் சொல்ல முடியாததே இதன் வேடிக்கை. இறுதியில் இருண்ட கட்டடத்துக்குள் படகையே ஒரு மின்தூக்கி மேலே ஏற்றி, டைனோசரின் உறுமலுக்கு நடுவே கீழே விடுகிறது. வெயில் உச்சியில் நிற்கும்போது இதில் ஏறினால் அரை மணி நேரத்தில் உடை காய்ந்துவிடும். மாலையில் ஏறினால் ஈரத்தோடு ரயிலின் குளிரில் நடுங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்ப வேண்டியதுதான். கேனப்பி ஃபிளையர் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற இனிய ரைடு என்றாலும், ஒரு முறைக்கு ஏறக்கூடியவர்கள் மிகச் சிலரே என்பதால் வரிசை எறும்பாக நகரும்.

அரங்கமைப்பில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நடுவில் உள்ள ஏரியைச் சுற்றி எல்லாப் பகுதிகளையும் நெருக்கி அடுக்கியிருப்பதால், எகிப்தின் மணல்நிறச் சுவர்களுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கோஸ்டரின் வளையங்கள் எட்டிப்பார்க்கின்றன. கல்லறைக்குள் கட்டிய மாயம் வெளியே வந்ததும் கலைந்துபோகிறது. ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஷ்ரெக் கோட்டை மட்டும் ஏரியின் எக்கரையிலிருந்து பார்த்தாலும் தன் இடத்துக்கு உரியதாகத் தோன்றுகிறது. நியூயார்க் தெருவின் செங்கல் முகப்புகளில் காலத்தின் அழுக்கைக்கூடத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள், அருகே போய்ப் பார்க்கத் தக்கவை.

பழையவர்களுக்கு நினைவிருக்கும், முன்பு இங்கே மடகாஸ்கர் என்ற அசைவூட்டப் படத்தை ஒட்டிய பகுதி இருந்தது. 2022 மார்ச்சில் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் 2025 பிப்ரவரி 14 அன்று மினியன் லேண்ட் திறக்கப்பட்டது. மஞ்சள் பொம்மைகளைக் கண்டதும் பிள்ளைகள் துள்ளுகிறார்கள், கடைகளிலும் கூட்டம் குறைவதில்லை. டெஸ்பிக்கபிள் மீ ரைடு ஒன்றும், இந்தப் பூங்காவுக்கென்றே உருவாக்கிய பக்கி பூகி என்ற ஆட்டம்போடும் வண்டியும் இதில் உள்ளன. ஆயினும் மடகாஸ்கரோடு போனது, குளிரூட்டிய கூடத்துக்குள் மெதுவாக மிதந்து சென்ற நீண்ட படகுப் பயணம். கழுத்துவலி, இரத்த அழுத்தம் என்று எதிலும் ஏற முடியாத பாட்டி தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து அமரக்கூடிய அத்தகைய ரைடுகள் பூங்காவில் ஏராளமில்லை. புதிய பகுதி அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்துவிட்டதாக நான் கருதவில்லை.

போய்ச் சேர்வது எளிது. ஹார்பர்ஃபிரன்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி அங்காடியின் மூன்றாம் தளத்திலிருந்து தீவுக்குச் செல்லும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறலாம், அல்லது கடலைப் பார்த்தபடி நடைபாலத்தில் காசில்லாமல் நடந்தே போய்விடலாம். முதியவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கு முழுநாள் சீட்டு வாங்குவது வீண் செலவு. அவர்களை விவோசிட்டியின் மொட்டைமாடியில் காற்றாட உட்காரவைத்துவிட்டு, பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது மற்றவர்கள் வாயிலில் நிற்கட்டும்.