ரக்னராக்: முடிவு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவள். இடி, மின்னல், சுத்தியல் தூக்கும் தெய்வம் என்றால் பொதுவாக நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ‘இதுல ஒரு ஃபேக்டரி ஊரையே கெடுக்குதும்மா, நீ பார்க்கணும்’ என்று மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் நெட்ஃபிளிக்ஸில் ‘ரக்னராக்’ பார்க்க உட்கார்ந்தேன். நார்வே நாட்டுத் தொடர். 2020 முதல் 2023 வரை மூன்று சீசன், சீசனுக்கு ஆறு எபிசோட். பதினெட்டையும் ஒன்பது ராத்திரியில் முடித்தோம்.

எட்டா என்ற கற்பனை ஊர். மலைக்கும், கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் ஃபியோர்டுக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலை. அதை நடத்துவது யூத்துல் குடும்பம். அந்த நாலு பேரும் மனிதர்களே அல்ல, நார்வே நாட்டுப் புராணத்தில் வரும் பழைய அரக்கர்கள். அம்மா தூரிட், அண்ணன் மாக்னே, தம்பி லௌரிட்ஸ் மூவரும் காரில் இந்த ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஒரு வயதான அம்மாள் மாக்னேயின் நெற்றியைத் தொடுகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் அந்தப் பையனுக்குள் இடியின் தெய்வமான தோர் விழித்துக்கொள்கிறது. எல்லாத் தெய்வங்களுக்கும் தலைவரான ஓடின் இருப்பது முதியோர் இல்லத்தில், ஒற்றைக் கண்ணுடன். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

படம் பிடித்த ஊர் ஒட்டா. அங்கே ஒரு நூற்றாண்டு முன்பே மலை அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து கார்பைடு உருக்கினார்கள், மாங்காய் பழுக்க வைக்க நம் ஊரில் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கல். கூடவே துத்தநாக ஆலையும் உண்டு. அந்த ஃபியோர்டின் அடிச் சேற்றில் துத்தநாகம், ஈயம், காட்மியம் எல்லாம் படிந்தது நிஜ வரலாறு. அதனால் தொடரில் தண்ணீரைப் பற்றி யார் பேசினாலும் எனக்குக் கதையாகத் தோன்றவில்லை.

நடிப்பில் முதலிடம் லௌரிட்ஸாக வரும் யோனாஸ் ஸ்ட்ராண்ட் கிராவ்லிக்குத்தான். இவனுக்குள் விழிப்பது லோகி, புராணத்தின் தந்திரக்காரத் தெய்வம். லோகி என்றாலே வில்லன் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, வீட்டில் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத பிள்ளையின் ஏக்கத்தைக் கண்ணிலேயே வைத்திருக்கிறார். புராணத்தில் உலகையே சுற்றிக் கிடக்கும் கடல் பாம்பு லோகியின் பிள்ளை. இங்கே அது அவன் வயிற்றிலிருந்த நாடாப்புழுவாக வருகிறது! அதை அவன் கொல்லாமல் பாசத்தோடு வளர்ப்பதைப் பார்த்து என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள், நான் அழுதுவிட்டேன். மாக்னேயாக வரும் டேவிட் ஸ்டாக்ஸ்டன் கொஞ்சம் விறைப்புதான், ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்துகிறது. இரண்டாவது சீசன் நடுவில் கதை தேங்குகிறது. சண்டைக் காட்சிகள் சுமார்.

சரி, முடிவுக்கு வருகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முதல் சீசனில், செத்துப்போன தோழி இசோல்டேவுக்காகத் தொழிற்சாலையை எதிர்த்துப் பேசும் மாக்னேயை மனநோயாளி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். உண்மை பேசுபவன் வாயை அடைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை என்று அப்போது கோபம் கோபமாக வந்தது. கடைசி எபிசோடிலோ, எல்லாமே சின்ன வயதில் அவன் படித்த காமிக்ஸிலிருந்து வந்த கற்பனையாக இருக்கலாம் என்று காட்டுகிறார்கள். அப்படியென்றால் அவனை அடக்கியவர்கள் சொன்னதுதான் சரியா? பதினேழு எபிசோட் அந்தப் பையன் பக்கம் நின்ற எங்களை இப்படிக் கைவிட்டிருக்க வேண்டாம்.

ஆனாலும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, பக்கத்தில் உட்கார்ந்து. ஆங்கில டப்பிங் வேண்டாம், நார்வே மொழியிலேயே ஓடவிட்டு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தூரிட்டாக வரும் ஹென்ரியெட்டே ஸ்டீன்ஸ்ட்ரூப் பிள்ளைகளை அதட்டும் குரல் டப்பிங்கில் காணாமல் போய்விடுகிறது.